பொல்பிட்டிய முகாமும் கொடிக் களவும்

நூற்றாண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, வலைப்பந்து அணிகளையும் இல்ல விளையாட்டுப் போட்டிகளையும்தான் அவர் மனதில் வைத்திருந்திருப்பார். அவற்றின் கதை பிரதான மண்டபத்துப் பலகையிலும் கண்ணாடி அலுமாரிக் கேடயங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் எழுத வந்தது கேடயமே இல்லாத ஒரு விளையாட்டைப் பற்றி. பெண் சாரணியர் பதிவேட்டில் அதற்கு "வைட் கேம்" என்று பெயர். விடுதியில் நாங்கள் வைத்த பெயர் "கொடிக் களவு". அக்காமார் பலருக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும்.

தெரியாத தங்கைமாருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு வெளியை நடுவே ஓர் எல்லையால் பிரித்து, இரண்டு அணிகள் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் அணியும் தன் பாதியின் பின்பக்கத்தில் ஒரு கொடியை நடும். எதிரணியின் பாதிக்குள் புகுந்து, பிடிபடாமல் அவர்களின் கொடியை எடுத்து எல்லைக்கு இப்பால் கொண்டுவந்தால் வெற்றி. எதிரியின் மண்ணில் தொடப்பட்டால் சிறை. சொந்த அணிக்காரி ஒருத்தி சிறை வரை வந்து கையைத் தொட்டால் விடுதலை.

இந்த விளையாட்டு எங்கள் மலைக்கு வந்த வழி சுற்றுவழி. 1908இல் பேடன் பவல் சாரணர்களுக்காக எழுதிய கைந்நூலில் கொடி கவரும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கொடிகள். இரவில் விளையாடினால் கொடிகளுக்குப் பதிலாக விளக்குகள். ஒருவர் ஒரு கொடிக்கு மேல் எடுக்கக் கூடாது. போர்முனையில் ஒற்றறியப் பழகிய படை அதிகாரி ஒருவர் பையன்களுக்காக ஆக்கிய விளையாட்டு அது. பெண்பிள்ளைகள் அவர் கணக்கிலேயே இருக்கவில்லை. 1909இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் நடந்த சாரணர் பேரணிக்குப் பெண்பிள்ளைகள் சிலர் தாங்களாகவே போய் நின்றார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கென்று தனி இயக்கம் உருவாகி, அவருடைய தங்கை அக்னஸின் பொறுப்பில் விடப்பட்டது. இலங்கையில் ஆண்களின் சாரணியம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. பெண் சாரணியம் 1917இல் கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையில் தொடங்கியது. இரண்டும் மலைநாட்டில்தான் என்பதை நாங்கள் எப்போதும் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்வோம்.

ஆனால் கண்டியில் ஒரு பாடசாலைக்கு வந்த விளையாட்டு, தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கும் வந்துவிட்டதாகாது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டங்களில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூடத்தைக் கட்டாயமாக்கியது. பத்து வயதுக்குப் பிறகு மலைதான், கொழுந்துக் கூடைதான். அந்தப் பள்ளிக்கூடங்களில் பல ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் மட்டுமே. மைதானம் எங்கே? பெரட்டுக்களம்தான் மைதானம். அதுவும் காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் மலையேறிய பிறகு. பையன்கள் அங்கே சடுகுடு பாடினார்கள். பெண்பிள்ளைகள் தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்று பார்த்தார்கள். பெரியபிள்ளையானால் அந்தப் பார்வையும் முடிந்தது. இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, எங்கள் அம்மாமார் சொல்லக் கேட்டது.

ஆகவே நம் பாடசாலை விடுதிக்கு வந்து சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்குக் கொடிக் களவு வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து, புல்லில் தவழ்ந்து, பாவாடையைச் செருகிக்கொண்டு மூச்சு வாங்க ஓடுவதற்கு ஒரு பெரியவரின் கையெழுத்தோடு கிடைத்த அனுமதி அது. 1950களில் படித்த ஓர் அக்கா எங்களிடம் சொன்னார்: "வீட்டுல கேம்ப்புனு சொன்னா விடுவாங்க. ஓடுறதுனு சொன்னா விட மாட்டாங்க."

விளையாட்டின் நுட்பத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. வடக்கிலிருந்து நம் பாடசாலைக்குக் கற்பிக்க வந்த ஆசிரியைகள் கிளித்தட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். நிலத்தில் கோடுகள் கீறி, கோட்டுக்கு ஒருத்தியாக மறித்து நிற்க, நடுக்கோட்டில் கிளி ஓட, மறு அணியினர் எல்லாக் கோடுகளையும் கடந்து திரும்ப வேண்டும். ஒரு மூலையில் இரண்டு பேர் ஆட்டம் காட்டி மறிப்பவளை இழுத்துவைக்க, மற்ற மூலையால் ஒருத்தி வழுக்கிப் போவதுதான் கிளித்தட்டின் உயிர். எங்கள் கொடிக் களவின் திட்டங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பேடன் பவலுக்கு அதில் பங்கில்லை என்பது எங்கள் துணிபு.

இனிப் பொல்பிட்டிய. ஹட்டன் பக்கத்திலிருந்து கினிகத்தேனையைத் தாண்டி இறங்க இறங்கக் குளிர் விட்டுவிடும். ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போகும். தேயிலைக்கு நடுவே இறப்பர் மரங்கள் தலைகாட்டும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அந்தப் பக்கத்தில்தான் கூடிக் களனி கங்கையாகின்றன. 1969இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தால்தான் ஊரின் பெயர் வெளியாருக்குத் தெரியும். கித்துல்கல இன்னும் கீழே. குவாய் நதிப் பாலம் படம் எடுத்த இடத்தைக் காட்டச் சொல்லி ஒவ்வொரு முறையும் சாரதியை நச்சரிப்போம். அவரும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தைக் காட்டுவார்.

1994 ஏப்ரல் விடுமுறையில் முகாம் அங்கே, ஆற்றுக்கு மேலேயிருந்த ஒரு பாடசாலைக் கட்டடத்தில். நாங்கள் தரம் 9. அந்த ஊர்ச் சிங்களப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரும் முகாமில் சேர்ந்தார்கள். எங்கள் பொறுப்பாசிரியை முதல் நாளே இரண்டு காரியம் செய்தார். அணி பிரித்தபோது அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று நிற்க விடவில்லை. ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு என்று எண்ணவைத்துக் கலந்துவிட்டார். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இரண்டு மொழிக்காரர்கள் கொடியோடு எதிரெதிரே நிற்பது என்னவாகத் தெரியும் என்று பதினான்கு வயதில் நாங்கள் யோசிக்கவில்லை, அவர் யோசித்திருந்தார். அடுத்தது கொடியின் நிறம். நீலம் ஒரு கட்சி, பச்சை ஒரு கட்சி, சிவப்பு இன்னும் பல கட்சி. கடைசியில் மஞ்சள் துணி ஒன்று, சமையலறைச் சாக்குத் துண்டு ஒன்று. மஞ்சள் அணி, சாக்கு அணி. "அல்லன்ன, அல்லன்ன" என்று கத்தினால் பிடி என்று அர்த்தம் என்பதை ஐந்தே நிமிடத்தில் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் மஞ்சள் அணி. முதல் இரண்டு ஆட்டமும் தோற்றோம். காரணம் எளிது. பன்னிரண்டு பேரும் கொடி எடுக்கவே ஓடினோம். காவல் நிற்பது அவமானம் என்று நினைத்தோம். அன்றிரவு சீனியர் அக்கா ஒருவர் நிலத்தில் கற்களை வைத்துச் சொல்லித்தந்தார். நாலு பேர் காவல், ஆனால் கொடியை ஒட்டி அல்ல. கொடியைக் கட்டிப்பிடித்து நின்றால் எதிரி எந்தப் பக்கத்தால் வருகிறாள் என்று தெரியாது. ஐந்து பேர் தாக்க, இரண்டு பேர் எல்லையோரம், மிச்சம் ஒருத்தி சிறை மீட்க மட்டும். தாக்குகிற ஐந்து பேரில் மூன்று பேர் பிடிபடுவதற்காகவே போக வேண்டும். சத்தம் போட்டு, கை காட்டி, காவலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சிறைக்குப் போகிறவளுக்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும், கொடி தூக்குகிறவளுக்கு அல்ல என்றார் அக்கா. பெயர் வராத வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சரிவான நிலம் என்பதால் இன்னொரு கணக்கும் இருந்தது. மேல்பாதி அணிக்கு எல்லாம் தெரியும். ஏறி வருகிறவள் களைத்து வருவாள். ஆனால் மேலே போய்க் கொடியை எடுத்துவிட்டால், திரும்ப இறக்கத்தில் ஓடுகிறவளைப் பிடிப்பது லேசில்லை. அதனால் பாதி ஆட்டத்தில் பக்கம் மாற வேண்டும். மாறினோம்.

பாதுகாப்புக்கும் எங்களிடம் சட்டங்கள் இருந்தன, இல்லை என்று சொல்ல முடியாது. வளையலும் தோடும் கழற்ற வேண்டும். பின்னலைப் பிடித்து இழுக்கக் கூடாது; கையில் கட்டிய கம்பளி நூலை அறுத்தால்தான் பிடிபட்டதாகக் கணக்கு. ஆற்றுப் பக்கம் எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. இது அந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்லித்தந்தது. அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை பெய்திருக்கலாம், அணைக் கதவு திறந்திருக்கலாம், மின்நிலையத்தால் நீர் விட்டிருக்கலாம். முழங்காலளவு நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். காலுக்குச் சவர்க்காரம் பூச வேண்டும், அட்டைக்கு. ஏப்ரலில் பின்னேரத்தில் இடி இறங்கும் என்பதால் விளையாட்டு காலையில் மட்டும். (மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ண முடியாவிட்டால் உள்ளே போக வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வெளியே வரக் கூடாது என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அன்றைக்கு வானம் கறுத்தால் விசில், அவ்வளவுதான்.)

ஒன்றே ஒன்றில் தவறினோம். நடு எல்லைக்கு ஒரு கோடு வேண்டியிருந்தது. சுண்ணாம்பு இல்லை. திடலின் குறுக்கே பழைய கான் ஒன்று ஓடியது. தோட்டத்தில் மழைநீர் வழிய வெட்டுவார்களே, அதேதான். அடிக்குக் கொஞ்சம் மேலே ஆழம், ஓரத்தில் மானாப்புல். "இந்தக் கான்தான் எல்லை" என்று இரண்டு அணித் தலைவிகளும் தீர்மானித்தோம். தெளிவாகத் தெரிகிறது, யாரும் அலாப்ப முடியாது என்பதுதான் எங்கள் நியாயம்.

எல்லையில்தான் ஒருத்தி ஆக வேகமாக ஓடுவாள், காலடியை ஆகக் குறைவாகப் பார்ப்பாள் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை, சாக்கு அணியின் மெலிந்த பிள்ளை ஒருத்தி எங்கள் காவலை அப்படியே முட்டாளாக்கிவிட்டு மஞ்சள் துணியோடு இறக்கத்தில் வந்தாள். எங்களில் மூன்று பேர் பின்னால். கானை அவள் தாண்டினாளா, தாண்டுமுன் விழுந்தாளா என்று ஒருவருக்கும் தெரியாது. கானுக்குள் கிடந்தாள். வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். அந்தக் கைக்குள் துணி. எழுந்தாள், சிரித்தாள், ஒன்றுமில்லை என்றாள். விழுந்தது கானுக்குள், கானே எல்லை. அப்படியானால் புள்ளி யாருக்கு என்று இரண்டு அணியும் சண்டை பிடித்ததில், அவள் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

பின்னேரம் விடுதித் தோழிகளான எங்களிடம் மட்டும் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, கொஞ்சம் வளைந்தும் இருந்தது. "மிஸ்கிட்ட சொல்லாதீங்கடி," என்றாள். ஏன் என்று நாங்கள் கேட்கவே இல்லை, எல்லோருக்கும் தெரியும். முகாமில் யாராவது காயப்பட்டால் "கவனக்குறைவு" என்று அவளுடைய அணிக்கு ஐந்து புள்ளி வெட்டுவார்கள். நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு. பிள்ளைகள் கவனமாக இருப்பார்கள் என்று. அதைவிடப் பெரியது, ஒரு முறிவு என்று வீடுகளுக்குச் செய்தி போனால் அடுத்த ஆண்டு யாரையும் அனுப்ப மாட்டார்கள். அவளுடைய அப்பாவை ஒரு வருடம் கெஞ்சித்தான் அவள் அந்த முகாமுக்கே வந்திருந்தாள்.

சொல்லவில்லை. தைலம் பூசி நீவிவிட்டோம். துவாயால் இறுக்கிக் கட்டினோம். போர்வைக்குள் கையை வைத்துப் படுக்கவைத்தோம். நள்ளிரவில் விரல் மரத்துப்போகிறது என்றாள். தூங்கு, சரியாகிவிடும் என்றோம்.

காலையில் புட்டும் சம்பலும். அவள் இடது கையால் சாப்பிட்டாள். சமையலுக்கு வந்திருந்த அக்கா தட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சால்வையை விலக்கினார். விரல்கள் வெளிறிக் குளிர்ந்திருந்தன. அவர் போட்ட சத்தத்தில் பொறுப்பாசிரியை ஓடிவந்தார். முதலில் துவாயை அவிழ்த்தார். அரை மணித்தியாலத்தில் ஒரு லொறியின் முன்னிருக்கையில் ஏற்றி வைத்தியசாலைக்கு.

முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. மயக்கம் கொடுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். கை பிழைத்தது. சிறிய கோணல் ஒன்று நின்றுவிட்டது, மோதிர விரலிலும் சின்ன விரலிலும் உணர்வு திரும்ப மாதங்கள் எடுத்தன. எங்களில் சிலர் பிறகு வைத்தியத்துறைக்குப் போனோம். இறுக்கிக் கட்டிய துணிக்குக் கீழே வீக்கம் ஏறினால் இரத்த ஓட்டம் என்னாகும் என்று விரிவுரை மண்டபத்தில் கேட்ட அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. முறிந்த கையை நீவக் கூடாது. கண்ட நிலையிலேயே அட்டையோ தடியோ வைத்துத் தளர்வாகத் தாங்க வேண்டும். மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். விரல் நுனியின் நிறம், சூடு, உணர்வு மூன்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும். மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்காமல் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொன்றிலும் நாங்கள் நேர்மாறாகச் செய்திருந்தோம்.

அவளுடைய அம்மா மறுநாள் வந்தார். மலையிலிருந்து அப்படியே வந்தவர். கொழுந்துக் கறை கையில் இருந்தது. திட்டுவார் என்று நின்றோம். அவர் கேட்டது ஒன்றுதான். "ராத்திரியெல்லாம் புள்ள தனியாவா கெடந்துச்சு?" இல்லை அம்மா, நாங்கள் பக்கத்திலேதான் இருந்தோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்ன பிறகு அவர் எங்களைப் பார்த்த பார்வையை இந்த மலரில் எழுதத் தெரியவில்லை.

முகாமை நிறுத்திவிடுவார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பேச்சு இருந்தது என்று பின்னாளில் அறிந்தோம். பொறுப்பாசிரியை எங்களை ஒவ்வொருவராக அழைத்து, ஏன் மறைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னோம்: ஐந்து புள்ளி, அடுத்த ஆண்டு முகாம். அவர் அதை எழுதிக்கொண்டார். 1995 முகாமும் நடந்தது. சாரணியர் பதிவேட்டில் அந்த ஆண்டிலிருந்து காயத்துக்குப் புள்ளி வெட்டுவது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பயிற்சிப் புத்தகம் வந்தது. விழுந்தவள், வழுக்கியவள், முள் குத்தியவள், விழப் பார்த்துத் தப்பியவள்கூட, எந்த இடத்தில் என்று அன்றே அதில் எழுத வேண்டும். எழுதிய அணிக்கு ஒரு புள்ளி. முதல் முகாமிலேயே புத்தகம் பாதி நிறைந்தது. சிலர் புள்ளிக்காகவே முள் தேடிப் போனார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே வேர்க்கட்டையில் நாலு பேர் தடுக்கியிருந்தது அந்தப் புத்தகத்தால்தான் தெரிந்தது; அன்றே வெட்டிவிட்டார்கள். இன்று வைத்தியசாலைகளில் தவறுகளைக் குற்றஞ்சாட்டாமல் பதிவு செய்யுங்கள் என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். எங்களுக்கு அந்த வகுப்பு ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றில் நடந்து முடிந்திருந்தது.

எல்லையும் மாறியது. கயிறும் இல்லை, கானும் இல்லை. மரங்களில் கட்டிய துணித் துண்டுகள். அவற்றுக்கு இருபுறமும் பத்து அடிக்குக் கல்லும் குழியும் இல்லாத தட்டை நிலம். ஆட்டத்துக்கு முன் இரண்டு தலைவிகளும் சேர்ந்தே முழு நிலத்தையும் நடந்து பார்க்க வேண்டும். எதிரியோடு நடப்பதால் ஒளிவிடம் தெரிந்துவிடுமே என்று முதலில் முணுமுணுத்தோம். தெரிந்தால் என்ன, அவளுக்கும் உன் ஒளிவிடம் தெரியும்தானே என்றார் பொறுப்பாசிரியை.

இப்போது விடுதியில் பிள்ளைகள் குறைவு. பொல்பிட்டிய முகாமும் இல்லை. சென்ற ஆண்டு பாடசாலைக்குப் போனபோது, இடைவேளையில் தரம் 7 பிள்ளைகள் கழுத்துப்பட்டி இரண்டைக் குச்சியில் கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லை எது என்று கேட்டோம். வகுப்பறைப் படிக்கட்டைக் காட்டினார்கள். நின்று பேசி, எல்லையைப் புல்வெளிக்கு மாற்றவைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனோம். பிந்தித்தான் போனோம்.

இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டோம். பெயர் வேண்டாம் என்றாள். ஆசிரியையாக இருக்கிறாள், கரும்பலகையில் அதே வலது கையால்தான் எழுதுகிறாள், குளிர் நாட்களில் மட்டும் கொஞ்சம் குத்தும் என்றாள். எல்லாவற்றையும் எழுதுங்கள், ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள் என்றாள். விழும்போது அவளுடைய கால் கானின் அக்கரை விளிம்பில் பட்டதாம். முப்பது வருடமாக அதை யாரும் அவளிடம் கேட்கவில்லையாம்.

மஞ்சள் அணித் தலைவி என்ற முறையிலும், அணியில் எஞ்சியோரைத் தொலைபேசியில் கலந்து பேசிய பிறகும், இங்கே பதிகிறோம்: 1994 ஏப்ரல், பொல்பிட்டிய, மூன்றாம் நாள் ஆட்டம். சாக்கு அணிக்கு ஒரு புள்ளி.